ஆண்டின் மகிழ்ச்சியான குடும்பம்

டாக்டர் நஞ்சுண்டன் கலிஃபோர்னியாவில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டுத் திரும்பியதிலிருந்து, மத்திய நியூ ஜெர்ஸித் தமிழர்களுக்கு முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்வது சிரமமாகிவிட்டது.

அவர் இதய மருத்துவர். மத்திய ஜெர்ஸித் தமிழர் பேரவையின் தலைவர். தலைவர் பதவியில் இரண்டு தடவைக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்று பேரவையின் சட்டத்தில் இருந்ததை, உறுப்பினர்களின் வசதிக்காகத் திருத்திவிட்டு மூன்றாவது தடவையாக வந்தவர். கருத்தரங்கில் யாரோ ஒரு பேராசிரியர், நம்பிக்கையோடு வாழ்கிறவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது, நல்ல தூக்கம் வருகிறது, சளி பிடித்தால்கூடச் சீக்கிரம் விட்டுவிடுகிறது என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார். மற்ற டாக்டர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நஞ்சுண்டன் மட்டும் இதைத் தமிழர்களிடம் அமல்படுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு விமானம் ஏறினார்.

அந்த வருடப் பொங்கல் விழா பிப்ரவரி கடைசியில் நடந்தது. அதற்கு முன்னால் பள்ளிக்கூட அரங்கம் கிடைக்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருக்க, நஞ்சுண்டன் மைக்கைப் பிடித்தார்.

“மகிழ்ச்சி என்பது ஒரு பொறுப்பு,” என்றார். “நம்மில் பலர் அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறோம். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் காலையில் ரயிலுக்கு நிற்கிறவர்களைப் பாருங்கள், ஒரு முகத்திலாவது ஏதாவது இருக்கிறதா? என் பேஷன்ட்களிடம் நான் தினமும் கேட்கிறேன், சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று. ஹார்ட் அட்டாக் வந்து படுத்திருக்கிறேன் டாக்டர் என்கிறார்கள். எப்படிப்பட்ட மனநிலை பாருங்கள்.”

இந்த நிலையை மாற்றுவதற்காகப் பேரவை ஒரு மகிழ்ச்சிக் குழுவை அமைத்திருப்பதாகவும், குழு வீடு வீடாக வந்து பார்த்து ஆண்டின் மகிழ்ச்சியான குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கப்போவதாகவும் சொன்னார். அந்தக் குடும்பம் சித்திரைத் திருவிழாவில் குத்துவிளக்கேற்றும். பொன்னாடை உண்டு. பேரவையின் இணையதளத்தில் வருடம் முழுக்கப் படம் இருக்கும். குழுவின் தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை, அவரேதான்.

“உதாரணத்துக்கு நம்ம சுவாமிநாதன், அனந்தலக்ஷ்மி குடும்பத்தைச் சொல்லலாம்,” என்று முடித்தார்.

மூன்றாவது வரிசையில் சுவாமிநாதனும் அனந்தலக்ஷ்மியும் மகன் க்ரிஷும் எழுந்து கைகூப்பினார்கள். மூன்று பேரும் ஒரே மாம்பழ நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். அரங்கம் கைதட்டியது. அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சாந்தாமணியும் தட்டினாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே.

சாந்தாமணி கெட்ட மனசுக்காரி இல்லை. கோபிச்செட்டிபாளையத்துக்காரி; பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை. அமெரிக்கா வந்த புதிதில் அவளும் அனந்தலக்ஷ்மியும் ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் குடியிருந்தவர்கள். லாண்டரி அறையில் துணி காய்கிற நேரத்தில் பேசிப் பேசி அக்கா தங்கை ஆனவர்கள். பிறகு அனந்தலக்ஷ்மி வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கிப் போனாள். சாந்தாமணி அதே அபார்ட்மென்ட்டில், அதே லாண்டரி அறையில் இருந்தாள். அக்கா வீடு வாங்கியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் மான் வந்து நிற்பதையும் பொறுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அக்கா சமைத்துக்கொண்டே பாடினாள். சுவாமிநாதன் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜோக் அடித்தார். அந்தப் பையன், பன்னிரண்டாவது படிக்கிறவன், விருந்தாளிகள் முன்னால் அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

இங்கே அவள் வீட்டில் மணியன் இருந்தான். மணியனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, முகத்தைத் தவிர. கல்யாண வீடியோவில் தாலி கட்டும்போதே துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி இருப்பான். மகள் வெண்பாவுக்கும் அதே முகம்.

வீடு திரும்பும்போது காரில் சாந்தாமணி பேச்சை எடுத்தாள்.

“ஏனுங்க, நாமளும் அப்ளை பண்ணலாமுங்க.”

“எதுக்கு?”

“சந்தோஷத்துக்குத்தான்.”

மணியன் ஒரு சிக்னல் வரைக்கும் யோசித்தான். “நம்மகிட்ட அது இருக்குதா?” என்றான்.

“அப்ளை பண்ணுனா வரும்,” என்றாள் சாந்தாமணி.

குழு மும்முரமாக வேலையை ஆரம்பித்தது. பேரவையின் வாட்ஸ்ஆப் குழுமத்தில் இனிமேல் நல்ல செய்திகள் மட்டும் என்று செயலாளர் ஸ்ரீநிவாசன் அறிவித்தார். எடிசனிலிருந்து ஓர் அம்மாள், குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், யாராவது நல்ல டாக்டர் சொல்லுங்கள் என்று போட்டிருந்தாள். ஸ்ரீநிவாசன் அதை நீக்கினார். என் குழந்தை விரைவில் குணமடையப்போகிறது, இந்த மகிழ்ச்சியில் பங்கேற்க விரும்பும் மருத்துவர்கள் தொடர்பு கொள்ளவும் என்று மாற்றிப் போடும்படி தனியாகச் செய்தி அனுப்பினார். அவள் மாற்றிப் போட்டாள். அறுபது பேர் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். டாக்டர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பூங்காவில் பயிற்சி முகாம் வைத்தார்கள். ஓரத்தில் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. கோட்டும் குல்லாயுமாக எல்லோரும் வரிசையில் நிற்க, நஞ்சுண்டன் விசிலோடு முன்னால் நின்றார். ஒரு விசிலுக்குப் புன்னகை, இரண்டு விசிலுக்குச் சிரிப்பு, நீளமான விசிலுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. முதலில் அவரே செய்து காட்டினார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் ஒரு மாற்றமும் இல்லாமல், ஹா, ஹா, ஹா என்றார்.

அதைப் பார்த்ததும் மணியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமான சிரிப்பு. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் சாந்தாமணி கேட்டறியாத சத்தம். கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு, விசில் ஓய்ந்த பிறகும் சிரித்தான். சாந்தாமணிக்குப் பெருமையாக இருந்தது. குழு குறித்துக்கொள்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீநிவாசன் வேகமாக வந்துகொண்டிருந்தார்.

“சார், உங்க சிரிப்பு மத்தவங்க சிரிப்பை டிஸ்டர்ப் பண்ணுது. கொஞ்சம் பின்னாடி போய் நில்லுங்க.”

மணியன் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். முகம் பழையபடி ஆனது. முன்வரிசையில் அனந்தலக்ஷ்மி விசிலுக்குச் சரியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். குளிரில் அவள் வாயிலிருந்து வந்த ஆவிகூட அழகாக வந்ததாகச் சாந்தாமணிக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் குழு வீட்டுக்கு வந்தது. சாந்தாமணி கேசரி கிளறி, சோபாவுக்கு உறை மாற்றி, மணியனைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பழக்கியிருந்தாள். அவன் சிரிக்க முயன்றபோது பல்வலி மாதிரி இருந்ததால், தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று விட்டுவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நஞ்சுண்டன் வெண்பாவிடம், “நீ சந்தோஷமா இருக்கியாம்மா?” என்று கேட்டார்.

“ஐ ஆம் ஃபைன்,” என்றாள் வெண்பா.

குழுவுக்குள் வாக்குவாதம் வந்தது. ஃபைன் என்றால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சி இல்லையா? அமெரிக்கர்கள் ஃபைன் என்றால் சுமார் என்று அர்த்தம் என்றார் ஸ்ரீநிவாசன். நம் பிள்ளைகள் ஃபைன் என்றால் பேச்சை நிறுத்து என்று அர்த்தம் என்றார் இன்னொருவர். இதை ஆராய ஒரு துணைக்குழு போடுவதாக முடிவாயிற்று. வெண்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அங்கிள், ஆர் யூ ஹேப்பி?” என்றாள்.

“நான் தலைவர்ம்மா. எனக்கு அதுக்கெல்லாம் ஏது டைம்?” என்றார் நஞ்சுண்டன். பிறகு, தன் உதாரணம் குழந்தைக்குப் பயன்படட்டும் என்பதுபோல, “என் பையன் சியாட்டில்ல இருக்கான். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு ஃபோன் பண்ணினான். நான் அதை பாசிட்டிவா எடுத்துக்கிட்டேன். ஃபோன் பண்ணலேன்னா நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்?” என்று சொல்லிக் கேசரியை வழித்துச் சாப்பிட்டார்.

முடிவு இரண்டு நாளில் வந்தது. மணியன் குடும்பத்தில் மகிழ்ச்சிக்கான அறிகுறிகள் போதவில்லை. முயன்றால் வாய்ப்பு உண்டு. குழு முன்னறிவிப்பின்றி மறுபடி வரும். சுவாமிநாதன் வீட்டில் குழு சாயங்காலம் முழுக்க இருந்து, பாட்டுக் கேட்டு, இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு போனதாகச் சாந்தாமணிக்குத் தகவல் வந்தது. அன்று அவள் ஒரு டம்ளரை உடைத்தாள். கை தவறித்தான் உடைந்தது என்று அவளே நம்பினாள்.

ஏப்ரலில் ஒரு நாள் மணியன் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னான். ஸ்டேஷன் பார்க்கிங்கில் சுவாமிநாதன் காருக்குள் உட்கார்ந்து டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் போகிற சட்டை, கழுத்தில் பழைய அடையாள அட்டை. அவருக்கு வேலை போய்விட்டது. டீமையே மூடிவிட்டார்கள். எச்-ஒன் விசா, இரண்டு மாதத்துக்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். க்ரிஷுக்குக்கூடத் தெரியாது. குழு வேறு வந்துபோகிறதே என்று தினமும் காலையில் கிளம்பி வந்து பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்கிறார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

“அய்யோ பாவமே,” என்றாள் சாந்தாமணி. அந்த வார்த்தையை அவள் மனமாரத்தான் சொன்னாள். சொல்லி முடித்த கையோடு, உடம்பு லேசாகிவிட்டது. பல மாதமாகத் தோளில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கிப்போன மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறந்தாள். வெளியே மரங்கள் பூத்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள். பணியாரக் கல்லை எடுத்து அடுப்பில் வைத்தாள். மாவு ஊற்றும்போது வாயில் பாட்டு வந்தது. மணியனுக்கு முறுகலாக நாலு, வெண்பாவுக்கு இனிப்பாக நாலு. வெண்பா அடுப்படிக்கு வந்து நின்று, அம்மா நன்றாகப் பாடுகிறாளே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சாந்தாமணி அவள் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். வெண்பா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மணியனுக்கும் உதடு மேலே போனது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. குழு.

ஸ்ரீநிவாசன் வாசலிலேயே நின்றுவிட்டார். எத்தனையோ வீடு பார்த்துவிட்டோம், நிஜமான சந்தோஷத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்றார். நஞ்சுண்டன் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டு, இதன் ரகசியம் என்ன என்று கேட்டார்.

சாந்தாமணி சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நிறைந்திருந்த மனசு, தளும்பிவிட்டது.

“நமக்கு என்னங்க கொறை, இருக்கறதே போதும்னு தோணிருச்சுங்க. பாவம், அனந்தாக்கா வீட்ல பாருங்க, அண்ணனுக்கு வேலை போயிருச்சு. ஒரு வார்த்தை வெளிய சொல்லாம சிரிச்சுட்டு இருக்காங்க.”

நஞ்சுண்டன் மெல்லுவதை நிறுத்தினார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “சிரிச்சுட்டா இருக்காங்க?” என்று கேட்டார்.

அவர்கள் போன பிறகு மணியன், “சொல்ல வேண்டாம்னு சொன்னாருல்ல?” என்று மட்டும் கேட்டான். யாராவது வேலைக்கு உதவி செய்வார்கள் என்றுதான் சொன்னேன் என்றாள் சாந்தாமணி. மணியன் மிச்சப் பணியாரத்தைச் சாப்பிடவில்லை.

சித்திரைத் திருவிழா மே மாதத்தில் நடந்தது. சாந்தாமணி அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, கூப்பிட்டால் எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குத்துவிளக்கு ஏற்றத் தயாராக இருந்தது. நஞ்சுண்டன் மைக்குக்கு வந்தார்.

“மகிழ்ச்சி என்றால் என்ன என்று குழு ஆழமாக விவாதித்தது. வேலை இருக்கிறவன் சிரிப்பதில் ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம். நம்ம சுவாமிநாதனுக்கு வேலை போய்விட்டது. விசாவுக்கு ஆபத்து. அந்த வீடு இருக்குமா இருக்காதா தெரியாது. இத்தனையிலும் அந்தக் குடும்பம் நம் முகாமில் கற்றபடி சிரித்துக்கொண்டிருக்கிறது. பேரவையின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இப்படியொரு வாய்ப்பு நம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.”

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த, சொந்தமாக ஐடி கம்பெனி நடத்துகிற இரண்டு பேர் எழுந்து காபி வாங்கப் போனார்கள்.

சாந்தாமணிக்கு முதலில் வந்தது கோபம்தான். வேலை போனதிலும் இவளுக்கே முதல் பரிசா என்று நினைத்தாள். அவர்கள் மேடைக்கு ஏறுவதைப் பார்த்தாள். மூன்று பேரும் இளம்பச்சையில் உடுத்தியிருந்தார்கள். சுவாமிநாதன் சிரித்துக்கொண்டிருந்தார். க்ரிஷ் பாதி வழியில் நின்றுவிட்டான்.

“டாட்?” என்றான். மைக் பக்கத்தில் இருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

சுவாமிநாதன் அவன் பக்கம் திரும்பவில்லை. சிரித்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அனந்தலக்ஷ்மியின் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்தார்கள். அவள் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மேஜைமேல் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி நடந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

“ஆனந்தக் கண்ணீர்,” என்று ஸ்ரீநிவாசன் மைக்கில் விளக்கினார். மறுபடி கைதட்டல்.

இது தன் வாயிலிருந்து கிளம்பியது என்பது, அந்தப் பையன் நின்ற நிலையைப் பார்த்தபோதுதான் சாந்தாமணிக்கு உறைத்தது. பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அனந்தலக்ஷ்மி பார்க்கிங்கில் தன் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். சாந்தாமணி மறுபக்கம் ஏறிக்கொண்டாள்.

“கதவைச் சாத்து. வெளில கேக்கப்படாது,” என்றாள் அனந்தலக்ஷ்மி.

சாந்தாமணி சாத்தினாள்.

“நீதானே சொன்னே?”

“ஆமாங்க்கா.”

“ஏண்டி?”

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அதை மணியனிடம் ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தாள். “சந்தோஷத்துலீங்க்கா,” என்றாள்.

“எங்காத்துல வேலை போன சந்தோஷமா?”

“ஆமாங்க்கா. உங்க வீடு மாதிரி எங்க வீடு இல்லையேன்னு நெஞ்செல்லாம் முள்ளா இருந்துச்சு. அன்னைக்கு அது போயிருச்சு. ஒரு சாயங்காலந்தான் போச்சு.”

அனந்தலக்ஷ்மி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள். இறங்கச் சொல்லப்போகிறாள் என்று சாந்தாமணி கைப்பிடியில் கை வைத்தாள்.

“உன்னைப் பாத்தா எனக்கு எப்படி எரியும் தெரியுமோ?” என்றாள் அனந்தலக்ஷ்மி. “உங்காத்துக்காரர் அந்த மூஞ்சிய அப்படியே தூக்கி வெச்சுண்டு எங்க வேணா வரார், போறார். ஒருத்தரும் ஏன்னு கேக்கறதில்லை. வேலை போனா அவர் உன்கிட்ட வந்து போயிடுத்துன்னு சொல்லுவார். எங்காத்துல இவர் மூணு வாரம் கழிச்சுத்தான் சொன்னார். அதுவும் சிரிச்சுண்டே. நான் ஜோக்குன்னு நெனச்சு நானும் சிரிச்சேண்டி.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு, டிஷ்யூ டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஸ்ரீநிவாசன், கையில் பொன்னாடையோடு. குரூப் ஃபோட்டோவுக்குத் தலைவர் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சாந்தாமணி கண்ணாடியை இறக்கினாள்.

“அழுதுட்டு இருக்கோமுங்க. முடிச்சுட்டு வர்றோம்.”

ஸ்ரீநிவாசன் இதற்குப் பேரவையின் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று யோசிப்பவர் போல நின்றார். “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

“இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்,” என்றாள் அனந்தலக்ஷ்மி.

குத்துவிளக்கை நஞ்சுண்டனே ஏற்றினார். பொன்னாடையையும், வீணாக வேண்டாம் என்று, அவருக்கே போர்த்தினார்கள். பேரவையின் இணையதளத்தில் ஆண்டின் மகிழ்ச்சியான குடும்பம் என்ற தலைப்பின் கீழே அவர் தனியாக நின்று சிரிக்கும் படம் இன்னும் இருக்கிறது.

சுவாமிநாதனுக்கு வேலை, கெடு முடிகிற தறுவாயில், டெக்சஸில் கிடைத்தது. மணியன் தன் ஆபீஸில் தெரிந்தவர்களிடமெல்லாம் போய் நின்று, அந்த முகத்தோடு கேட்டதில், ஏதோ பெரிய துக்கம் என்று பயந்து யாரோ ஒருவர் டாலஸில் இருந்த நண்பருக்குச் சொல்லிவிட்டார். வெஸ்ட் வின்ட்சர் வீட்டை விற்றுவிட்டுக் குடும்பம் கிளம்பிப்போனது. க்ரிஷ் அப்பாவோடு சில வாரம் பேசவில்லை. பிறகு பேசினான்.

அக்டோபரில் அனந்தலக்ஷ்மி வீடியோவில் கூப்பிட்டாள். டாலஸில் வாங்கிய புது வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பழையதைவிடப் பெரிது. சமையலறையின் நடுவில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி கல் மேடை. ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளம். சாந்தாமணி லாண்டரி அறையில், ட்ரையர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

“அக்கா, பாக்கப் பாக்க வயிறு எரியுதுங்க்கா,” என்றாள்.

“எரியட்டும்,” என்றாள் அனந்தலக்ஷ்மி. “இரு, மாடியைக் காட்டறேன்.”